சன்னலும் பாய்லரும்: குளிரின் வீட்டு அரசியல்

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒரு தகராறு நடக்கும். "சன்னலச் சாத்துடா, வாடை அடிக்குது" என்பார் அப்பா. "ஃபேன் போடலீன்னா கொசு புடுங்குதுங்ப்பா" என்பேன் நான். கோவையின் குளிர் இமயமலைக் குளிர் அல்ல. ராத்திரியில் 18, 19 டிகிரிக்கு இறங்கும், அவ்வளவுதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் பக்கத்தில் இருப்பதால் காற்று ஓயாது. அதனால் எங்கள் சண்டை குளிரைப் பற்றியதைவிடக் காற்றைப் பற்றியதாகவே இருந்தது. அம்மா இதில் வாய் திறந்ததில்லை. அவள் மௌனத்தைச் சம்மதமாகவே நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு வீட்டுக்கு ஒரே வெப்பநிலை உண்டு என்பது ஒரு கற்பிதம். கூரை ஒன்றானாலும் அதனடியில் உள்ள உடல்கள் ஒன்றல்ல. யாருடைய உடலை அளவாகக் கொள்வது என்பதில்தான் அதிகாரம் தொழிற்படுகிறது. நெடுநல்வாடையை இப்படி வாசித்துப் பார்க்கலாம். 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் தென்றலுக்காக வைத்த சாளரங்கள் தாழிடப்படுகின்றன. விசிறிகள் சும்மா தொங்குகின்றன. குளிர்ந்த நீரை யாரும் குடிப்பதில்லை. அகன்ற வாயுடைய தடவில் நெருப்புக் காய்கிறார்கள். ஊருக்கு வெளியே மழையில் நனைந்த கோவலர் நடுங்குகிறார்கள். விளக்கேற்றும் மகளிரைப் பாட்டு காட்டுகிறது. தடவில் நெருப்பு மூட்டியவர் யார் என்று சொல்வதில்லை. கதகதப்பு தானாக வந்துவிட்டது போல இருக்கிறது. இந்த விடுபடல் புலவருடைய குறை என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீடுகளிலும் அது அப்படியேதான் விடுபட்டிருக்கிறது.

கொங்கு நாட்டில் குளிருக்கு ஒரு எழுதப்பட்ட வரலாறு உண்டென்றால் அது நீலகிரியில் தொடங்குகிறது. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். நீலகிரி அன்று கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 1868இல்தான் தனியாகப் பிரிந்தது. வெள்ளைக்காரர்கள் தேடி வந்தது சமவெளியின் வெக்கையிலிருந்து விடுதலையை. கிடைத்த குளிரையோ அவர்களால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உயரமான கூரை, பெரிய சன்னல், அறைக்கு அறை கணப்பு என்று இங்கிலாந்தைக் கட்டிக்கொண்டார்கள். பக்கத்து மந்தில் தோடர் வீடு அரைப் பீப்பாய் வடிவில், சன்னலே இல்லாமல், தவழ்ந்து நுழையும் சிறு வாசலோடு இருந்தது. உள்ளே ஒரு அடுப்பு போதும். காற்றையும் குளிரையும் அறிந்த கட்டடம் அது. பங்களாவுக்கோ விறகு தீரவே தீராது. சோலைக்காடுகள் வெட்டுப்பட்டன. 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரம், 1850களுக்குப் பிறகு விறகுக்காகவே தோட்டம் தோட்டமாக வளர்க்கப்பட்டது. இன்று ஊட்டிக்குப் போகிறவர்கள் இயற்கை என்று பார்த்து ரசிக்கும் அந்த மரவரிசைகளில் கணிசமான பகுதி, யாரோ சிலர் தங்கள் அறையைச் சூடாக வைத்துக்கொள்ள விரும்பியதன் மிச்சம்.

பிறகு மலை சமவெளிக்குத் திரும்பி வந்தது, மின்சாரமாக. 1932இல் பைக்காரா ஓடத் தொடங்கியதும் கோவையில் மில்கள் பெருகின. நூற்புக் கூடத்தில் காற்றின் ஈரமும் சூடும் நூலுக்காகவே வைக்கப்படுவன. காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும். அதனால் சன்னலைத் திறக்கலாமா என்று தொழிலாளி கேட்க முடியாது. வேர்க்க வேர்க்க நின்றுவிட்டு நடுராத்திரி ஷிப்ட் முடிந்து வாடையில் சைக்கிள் மிதித்தவர்களின் உடம்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

விஞ்ஞானமும் இதில் நடுநிலையாக இருந்துவிடவில்லை. டென்மார்க்கின் ஃபாங்கர் 1970இல் சௌகரியமான வெப்பநிலைக்குச் சூத்திரம் எழுதினார். அந்த வழிவந்த அலுவலக அளவுகள் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலையே சராசரியாகக் கொண்டவை என்று 2015இல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. இந்தியாவில் 2020 முதல் புது ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்தது. மின்சாரச் சிக்கனத்துக்கு நல்லதுதான். ஆனால் ரிமோட் யார் கையில் என்பதை எந்த விதியும் சொல்லாது.

அம்மாவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் செப்புப் பாய்லர் இருந்தது. பாட்டி காலத்தில் பருத்திமாறு எரித்தார்கள். அம்மா தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டாள். நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுப் பாய்லரை மூட்டுவாள். "உனக்குக் குளுராதாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "அடுப்புக்கிட்டயேதான நிக்கறேன், எனக்கென்ன குளுரு" என்றாள். உழைப்பும் கதகதப்பும் அவளுக்கு ஒரே இடத்தில்தான் கிடைத்தன. உழைக்காமல் காய வழியில்லை.

கீசர் வந்தபோது, அவளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாக நாங்கள் பெருமைப்பட்டோம். பாய்லர் பழைய பாத்திரக் கடைக்குப் போயிற்று. அந்த மார்கழியில் வழக்கம்போல அப்பாவும் நானும் தொடங்கினோம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "எனக்குங் குளுருது கண்ணு, சாத்து."

சன்னலைச் சாத்தினேன். அப்பா தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார். அத்தனை வருஷச் சண்டையில் அவளுக்கும் ஓர் உடம்பு இருந்தது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாமல் இருந்திருக்கிறது.