சொத்தை, இழப்பு, அடைப்பு: பெரியவர்களின் பற்களை எண்ணும் முறை பற்றி

நூறு பெரியவர்களில் எத்தனை பேருக்குச் சொத்தைப் பல் இருக்கிறது? இந்தியாவில் இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் விடை, இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு தந்தது: 35–44 வயதினரில் சுமார் 80 விழுக்காடு, 65–74 வயதினரில் சுமார் 85. நோயின் அளவைச் சொல்வதுபோல் தோன்றும் இவ்வகை எண்கள், பெரியவர்களைப் பொறுத்தவரை, நோயைவிடச் சிகிச்சையின் வரலாற்றையே கூடுதலாகச் சொல்கின்றன என்பது என் வாதம்.

இத்தகைய கணக்கெடுப்புகளின் அளவுகோல் டி.எம்.எஃப்.டி. குறியீடு. 1938இல் கிளைன், பாமர், நட்சன் ஆகியோர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்டவுன் நகரில் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது உருவாக்கியது. சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைக்கப்பட்ட பல் மூன்றையும் கூட்டினால் ஒருவருக்குரிய எண் கிடைக்கும். குழந்தைகளுக்கு இது பொருந்தியது. 12 வயதில் நிலைப்பல் ஒன்று போயிருந்தால் பெரும்பாலும் காரணம் சொத்தைதான்.

நாற்பது வயதில் அப்படிச் சொல்ல முடியாது. ஈறு நோயால் பல் ஆடி விழுந்திருக்கலாம். வண்டியிலிருந்து விழுந்து உடைந்திருக்கலாம். ஏன் பிடுங்கினார்கள் என்று கேட்டால், “பல்லுல பூச்சி, எடுத்துட்டாங்க” என்பதற்கு மேல் பலருக்கு நினைவிருக்காது. இச்சிக்கலை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறை ஒரு விதியால் கடந்துவிடுகிறது: 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு, எக்காரணத்தால் போன பல்லும் இழப்பில் சேரும். கள ஆய்வாளருக்கு வசதியான விதிதான். ஆனால் ஈறு நோயின் கணக்கு சொத்தையின் பேரேட்டில் ஏறிவிடுகிறது.

குறியீடு இறங்கவே இறங்காது என்பது அடுத்த சிக்கல். அடைத்த பல்லும் எண்ணில் நிற்கும், பிடுங்கிய பல்லும் நிற்கும். பல்லே இல்லாத பாட்டிக்குச் சொத்தை பூஜ்யம். குறியீடோ உச்சமான 32. ஆகவே 65 வயதில் விழுக்காடு கூடியிருப்பதை முதுமையில் நோய் பெருகியதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர்ப்பகுதியில் முதியோருக்குப் புதிதாகச் சொத்தை வருவது உண்மை. அதை இக்கூட்டுத்தொகை தனித்துக் காட்டுவதில்லை.

இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவருக்கு ஏழு பல் அடைக்கப்பட்டு, ஒன்று சொத்தை. மற்றவருக்கு ஐந்து பிடுங்கப்பட்டு, மூன்று சொத்தை. இருவருக்கும் எண் எட்டு. முன்னவர் எட்டுப் பல்லாலும் மெல்லுகிறார். பின்னவர் முறுக்கைத் தண்ணீரில் ஊறவைக்கிறார். வலி பொறுக்கமுடியாமல் போகும்வரை காத்திருப்பதும், அடைப்பதைவிடப் பிடுங்குவதே மலிவு என்பதும் நம் ஊர்களில் தெரிந்த வழக்கம். இந்த வேறுபாட்டை, சமூக ஆய்வில் முதன்மையாகப் பதிவாக வேண்டியதை, கூட்டல் அழித்துவிடுகிறது.

எதிர்வாதம் ஒன்றுண்டு: ஒரே குறியீடு இருந்தால்தான் நாடுகளை ஒப்பிட முடியும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, நிலைப்பல் சொத்தை உள்ளோர் சுமார் 200 கோடி என்கிறது. அது சிகிச்சை பெறாத சொத்தையை மட்டும் எண்ணியது. அதன் அருகில் மேற்சொன்ன 80 விழுக்காட்டை வைப்பது பிழை. ஒன்று இன்றைய நோய், மற்றொன்று ஆயுட்காலத் தொகுப்பு. ஒப்பீட்டுக்குப் பயன்படுவது சிகிச்சை பெறாத சொத்தை என்னும் கூறே தவிர, கூட்டுத்தொகை அல்ல.

இன்னொன்று, கணக்கில் யார் அகப்படுகிறார்கள் என்பது. குழந்தைகளைப் பள்ளியில் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிடலாம். பெரியவர்களைத் தேடிப் பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால், வேலைக்குப் போனவர்கள் விடுபட்டு, வீட்டிலிருப்போரின் வாய்தான் ஊரின் வாயாகப் பதிவாகும். மூன்று கூறுகளையும் தனித்தனியே அச்சிடுவதோடு, எந்த நேரத்தில் யாரைப் பார்த்தோம் என்பதையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.