விலகிச் செல்லும் சட்டம் (அமெரிக்கா)

விளக்கு சுழல சாலையோரம் நிற்கும் காவல் வண்டி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றைக் கடக்கும் ஓட்டுநர் ஒரு தடம் தள்ளிப் போக வேண்டும், தள்ளிப் போக இடமில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்னும் மாநிலச் சட்டம். 1994-இல் தென் கரோலினாவில் விபத்துக்கு உதவப் போன மருத்துவ உதவியாளர் மீது கார் மோதியது. காவல்துறையின் விபத்து அறிக்கையோ அவர் மீதே குற்றம் சொன்னது. அந்த அநியாயத்தை அவர் விடாமல் எடுத்துரைத்ததால் 1996-இல் அங்கே முதல் சட்டம் பிறந்தது. கடைசி மாநிலமான ஹவாய் 2012-இல் இயற்றியது. இல்லினாயில் இதன் பெயர் ‘ஸ்காட் சட்டம்’. 2000 டிசம்பரில் பணியிலிருந்தபோது கார் மோதி இறந்த சிகாகோ தீயணைப்பு அதிகாரி ஸ்காட் கில்லனின் நினைவாக வைத்தது.

மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 29 மீட்டர் கடந்துவிடும். பழுதான வண்டியின் சாலைப்பக்கச் சக்கரத்தைக் கழற்றுபவர் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழ தூரத்தில், போக்குவரத்துக்கு முதுகு காட்டி மண்டியிட்டிருப்பார். அவருக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது. இப்படிச் சாலையோரத்தில் வேலை செய்யும் இழுவை வண்டிக்காரரையும் சாலைப் பணியாளரையும் பல மாநிலங்கள் பிறகுதான் இச்சட்டத்தில் சேர்த்தன. மிகத் தாமதம் என்றே சொல்ல வேண்டும்.

‘தகுந்த வேகம்’ என்று மட்டும் சொல்லும் சட்டங்களைவிட ஃபுளோரிடாவின் விதி தெளிவானது: தடம் மாற முடியாவிட்டால், 25 மைலும் அதற்கு மேலும் வரம்புள்ள சாலையில் வரம்பைவிட 20 மைல் குறைவாகச் செல்ல வேண்டும். அபாய விளக்கு எரியப் பழுதாகி நிற்கும் சாதாரண வண்டிகளையும் அது 2024 ஜனவரி முதல் சேர்த்துக்கொண்டது.