குட்டியும் குப்பையும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு



தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு, பட்டணத்தில் புகுமுக வகுப்பில் நான் சேர்ந்திருந்த நேரம். அங்கே ஆசிரியர் ஒருநாள் 'லிட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார். நாய், பூனை, பன்றி ஆகியவை ஒரே ஈற்றில் போட்ட குட்டிகள் அத்தனையையும் சேர்த்துச் சொல்வதற்கு அந்தச் சொல் என்றார். அதே வாரத்தில் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் புதிதாக ஒரு பலகை முளைத்தது. 'லிட்டர் செய்யாதே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் லயத்து நாய் அப்போது நிறைசினை. நான் ஓடிப்போய்ப் பாட்டியிடம், "ஆபீசுப் பக்கம் நாய் குட்டி போடக்கூடாதாம், பலகை வெச்சிருக்காங்க" என்றேன்.

துரைமார் எதற்கெல்லாமோ சட்டம் போட்டதைப் பார்த்தவள் பாட்டி. இதையும் நம்பினாள். நாயைக் கயிற்றில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்துக் கிடத்தினாள். செய்தி கிராணி காதுக்குப் போனது. அவர் சிரித்த சிரிப்பு லயம் முழுவதும் கேட்டது. பாட்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "படிச்ச பிள்ளை சொன்னதை நம்புனேன், அது தப்பாப்பா?" என்றாள்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு. குட்டியையும் குப்பையையும் ஒரே பெயரால் அழைக்க ஆங்கிலத்துக்கு எப்படி மனம் வந்தது? பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைத் தேடிப் படித்தேன். (பெட்ரோல் அளக்கிறோமே, அந்த லீட்டர் வேறு குடும்பம். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பழைய ரோமானியர் பேசிய இலத்தீனில் 'லெக்டுஸ்' என்றால் படுக்கை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கட்டிலை 'லி' என்றுதான் சொல்கிறார்கள். 1066ஆம் ஆண்டில் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செய்தது. அவ்வழியே 'லித்தியேர்' என்ற சொல் நுழைந்து, ஏறத்தாழ 1300இல் ஆங்கிலத்தில் 'லிட்டர்' ஆயிற்று. அப்போது அதற்குப் படுக்கை என்றும், ஆட்கள் தூக்கிச் செல்லும் படுக்கை, அதாவது பல்லக்கு என்றும் பொருள். பிற்காலத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் தூளிக்கட்டிலுக்கும் அந்தப் பெயர் வந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. நம்முடைய பல்லக்கு என்ற சொல்லும் வடமொழியில் கட்டிலைக் குறித்த 'பல்யங்கம்' என்பதிலிருந்து வந்ததே. எங்கோ இருந்த இரண்டு கூட்டத்தார், ஒருவரை ஒருவர் கேட்காமலேயே, கட்டிலைத் தோளில் தூக்கிப் பல்லக்கு ஆக்கியிருக்கிறார்கள்.

பிரபுக்களுக்குப் பல்லக்கு, குதிரைக்கும் மாட்டுக்கும் என்ன படுக்கை? வைக்கோல்தான். கொட்டிலில் பரப்பிய வைக்கோலும் 'லிட்டர்' எனப்பட்டது. பன்றி வளர்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சினைப்பன்றி ஈனுவதற்கு முன்பு வைக்கோல், சருகு, கந்தல் என எது கிடைத்தாலும் வாயில் கவ்விக்கொண்டு வந்து தானே படுக்கை போடும். அதன் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த வைக்கோல் படுக்கையில் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகக் கிடக்கும் குட்டிகளுக்கும் 15ஆம் நூற்றாண்டில் படுக்கையின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒன்றைமட்டும் ஈனும் பசுவுக்கு இந்தச் சொல் வராது. கோழிக்குஞ்சுகளுக்கும் வேறு சொல் இருக்கிறது.

இனி குப்பைக்கு வருவோம். நேற்றைய படுக்கை இன்றைக்குச் சாணமும் மூத்திரமும் கலந்து, வாரிக்கொட்ட வேண்டிய பொருளாகிவிடுகிறது. வாரும்போது வாசலெல்லாம் சிதறும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் கண்டபடி சிதறிக்கிடக்கும் எதையும் 'லிட்டர்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. 'குப்பை கூளம்' என்கிறோம். கூளம் என்பது என்ன? போரடித்த பின் மிஞ்சும் வைக்கோல் துகள்தானே! நம் மொழியிலும் வைக்கோல்தான் குப்பையாகியிருக்கிறது. கோழிப்பண்ணையில் மரத்தூளை ஆழமாகப் பரப்பி வளர்க்கும் முறைக்கு ஆங்கிலத்தில் லிட்டர் என்ற சொல்லும், தமிழில் 'ஆழ்கூளம்' என்ற சொல்லும் வழங்குவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

குப்பை என்ற பொருள்தான் பின்னர் சட்டப் புத்தகம் வரைக்கும் ஏறியது. 1940களில் அமெரிக்காவில், தெருவில் குப்பை போடுகிறவனுக்கு 'லிட்டர்பக்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பக் என்றால் பூச்சி. 1968 அக்டோபர் முதல் தேதி சிங்கப்பூரில் பிரதமர் லீ குவான் யூ தூய்மை இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். குப்பை போட்டால் அபராதம் என்பது அங்கே விளையாட்டில்லை. 1992இலிருந்து, குப்பை போட்டவரையே பொது இடத்தைக் கூட்டச் செய்யும் தண்டனையும் வந்தது.

நம் ரப்பர் காட்டிலும் ஒரு லிட்டர் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்க்கும்போது தரையெல்லாம் சருகு மெத்தை போட்டதுபோல் ஆகும். விவசாய நூல்களில் அந்தச் சருகுக்கும் இதே பெயர்தான். அது மக்கி, மரத்துக்கே உரமாகிறது. அதை உதிர்த்ததற்காக எந்த மரத்துக்கும் யாரும் அபராதம் போட்டதில்லை.

பாட்டி கட்டிவைத்த நாய், நான்காம் நாள் இரவு அந்தச் சாக்கின்மேல் ஆறு குட்டிகள் போட்டது. கிராணி சிரித்தாலும் சொல்கிறேன்: குட்டிகளும் லிட்டர், அவை கிடந்த சாக்கும் லிட்டர். குட்டிகள் வளர்ந்தபின் அந்தச் சாக்கைப் பாட்டி ஆபீசு வாசலில் வீசியிருந்தால், அதுவும் லிட்டர்தான். அவள் வீசவில்லை, துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்துக்கொண்டாள்.