சுற்றுலா இணையதள ஆய்வுகளின் 30 ஆண்டுகள்: அளந்தவையும் விடுபட்டவையும்

சுற்றுலா, விருந்தோம்பல் துறை ஆய்வேடுகளில் ஓர் அட்டவணையை அடிக்கடி காணலாம். இடப்புறம் விடுதிகளின் பெயர்கள் இருக்கும். மேல்வரிசையில் ஒளிப்படங்கள், அறைக் கட்டணம், வரைபடம், தொடர்பு எண், இணையவழி முன்பதிவு என்னும் தலைப்புகள் இருக்கும். கட்டங்களில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்றும், கடைசி நிரலில் மொத்த மதிப்பெண் என்றும் அட்டவணை முடியும். ஒரு விடுதியின் தளத்தில் முன்பதிவுப் பொத்தான் இருந்ததா என்பதை இவ்வட்டவணை சொல்லிவிடும். அந்தப் பொத்தான் வழியாக எத்தனை அறைகள் விற்றன, எஞ்சியவை யார் வழியாக விற்றன என்பதை அது சொல்லாது. சுற்றுலா இணையதள ஆய்வின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், துறையின் போக்கைத் தீர்மானித்த கேள்வி அந்த விடுபடலுக்குள்தான் இருந்தது என்பது புலப்படும்.

இணையம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பயணத்துறை கணினியை ஏற்றுக்கொண்டது. 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து சேபர் என்னும் இடஒதுக்கீட்டு முறையை இயக்கத்துக்குக் கொண்டுவந்தன. பின்னர் பயண முகவர்களின் மேசைகளுக்கும் அத்தகைய முனையங்கள் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. முகவர்கள் பெரும்பாலும் திரையின் முதல் சில வரிகளிலிருந்தே பயணச்சீட்டைத் தேர்ந்தனர். அந்த வரிசையை வகுத்ததோ கணினி முறையின் உரிமையாளரான விமான நிறுவனம். 1984இல் அமெரிக்க வான்போக்குவரத்து வாரியம் இவ்வகைப் பாரபட்சமான காட்சி வரிசைக்கு எதிராக விதிகளை வகுத்தது. திரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும், அதை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வி இவ்வாறு முதல் சுற்றுலா இணையதளத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. இணையதள ஆய்வுகளோ நெடுநாள் இந்தக் கேள்வியைத் தொடவில்லை.

இந்தியாவில் கணினிவழிப் பயணச் சேவையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது இரயில்வே. 1980களின் நடுவில் புதுதில்லியில் தொடங்கிய கணினி இடஒதுக்கீடு, 1990களின் இறுதிக்குள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களையும் ஒரே வலையில் இணைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. 2002இல் ஐஆர்சிடிசி இணையவழிப் பயணச்சீட்டை அறிமுகம் செய்தது. தொடக்கத்தில் பயணி இணையத்தில் பணம் செலுத்துவார். அச்சிட்ட சீட்டு தூதஞ்சல் வழியாக வீடு வந்து சேரும். அதே 2002இல்தான் 'இன்கிரெடிபிள் இந்தியா' என்னும் விளம்பர இயக்கமும் தொடங்கியது. ஒன்று நாட்டின் அழகைக் காட்டியது. மற்றொன்று இருக்கையை விற்றது. இணையதளத்தின் இவ்விரு பணிகளுள் முதலாவதையே ஆய்வுலகம் முதலில் கைக்கொண்டது.

அதற்கான கருவிகள் அப்போது மேலைநாடுகளில் உருவாகியிருந்தன. 1994இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் தொடங்கிய 'என்டர்' மாநாடு, சுற்றுலாவும் தகவல் தொழில்நுட்பமும் சந்திக்கும் ஆய்வுக்களமாக நிலைபெற்றது. 1999இல் ஸ்காட்லாந்தின் சிறு விடுதிகளின் இணையதளங்கள் சமநிலை மதிப்பட்டை முறையால் மதிப்பிடப்பட்டன. 2002இல் டூலின், பர்ஜெஸ், கூப்பர் ஆகியோர் நியூசிலாந்தின் வட்டாரச் சுற்றுலா அமைப்புகளின் தளங்களை ஆராய்ந்தனர். அவர்கள் பயன்படுத்திய மாதிரி, தளத்தின் வளர்ச்சியை விளம்பரம், தகவல் வழங்கல், பரிவர்த்தனை என்னும் மூன்று படிகளாகப் பிரித்தது. இந்த அணுகுமுறை பிற நாடுகளுக்கு விரைந்து பரவியதற்குக் காரணம் எளிது. இணையப் பக்கம் எவருக்கும் திறந்தது. அனுமதிக் கடிதமோ, பயணச் செலவோ, விடுதி மேலாளரின் ஒத்துழைப்போ தேவையில்லை. பொருளாதார வசதி குறைந்த பல்கலைக்கழகத்தின் ஆய்வாளருக்கும் அது கைக்கெட்டிய தரவு.

இம்முறையின் பலனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அது பரவலை அளந்தது. ஒரு மாநிலத்தின் தளம் எங்கே நிற்கிறது, அடுத்ததாக எதைச் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகிகளுக்குக் காட்டியது. ஆனால் வசதிகளின் கூட்டுத்தொகையைத் தரம் என்று கொள்வதில் ஒரு பிழை இருந்தது. ஐஆர்சிடிசி தளத்தின் தோற்றத்தை எவரும் முன்மாதிரியாகக் காட்டியதில்லை. ஆனாலும் அது கோடிக்கணக்கான பயணிகளின் பழக்கத்தை மாற்றியது. அதன் மெய்யான நெருக்கடி, காலை நேர நெரிசலில் தளம் தாங்குமா என்பதே. 2014இல் புதிய அமைப்பு வந்தபோது, நிமிடத்துக்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. ஒளிப்படங்களையும் வரைபடங்களையும் எண்ணும் அட்டவணையில் இதற்கு இடமே இல்லை.

இக்குறையை உணர்ந்த ஆய்வுலகம் அடுத்து பயனரிடம் சென்றது. ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, பரசுராமனும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வகுத்த சேவைத்தர அளவுகோல், 2005இல் அதற்கு வந்த மின்சேவை வடிவம் ஆகியவை வினாநிரல்களின் அடித்தளமாயின. 'இத்தளம் பயன்படுத்த எளிதானது', 'இத்தளத்தை நம்புகிறேன்' போன்ற கூற்றுகளுக்கு ஐந்து புள்ளி அளவில் விடை பெறப்பட்டது. அழகு, எளிமை, நம்பிக்கை ஆகியவற்றுக்கும் முன்பதிவு செய்யும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்பு புள்ளியியலால் நிறுவப்பட்டது. எண்ணம் என்பதே இங்கு முக்கியமான சொல். விடை தந்தவர்களில் பலர், எளிதில் கிடைக்கும் கல்லூரி மாணவர்கள். அளக்கப்பட்டது அவர்களின் முன்பதிவு எண்ணமே; மெய்யான முன்பதிவு விடுதியின் கணக்கேட்டில்தான் இருந்தது.

2010இல் ராப் லா, ஷான்ஷான் சி, டிமிட்ரியோஸ் புகாலிஸ் ஆகிய மூவரும் 1996 முதல் 2009 வரையிலான மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். எண்ணுதல், தானியங்கி மதிப்பீடு, எண்கணிப்பு, பயனர் தீர்ப்பு, கலப்பு முறை என ஐந்து வகைகளை அவர்கள் பிரித்துக் காட்டினர். எல்லோரும் ஏற்கும் பொது அளவுகோல் எதுவும் உருவாகவில்லை என்பது அவர்கள் கண்ட முக்கியமான முடிவு. ஆய்வுகள் பெருகின, ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படவில்லை. ஒருவர் 20 கூறுகளை எண்ணினால் மற்றொருவர் 60 கூறுகளை எண்ணுவார். இரண்டையும் ஒப்பிட வழியிராது.

இதற்கிடையே சந்தையின் அமைப்பு மாறிக்கொண்டிருந்தது. 2000இல் தொடங்கிய மேக்மைட்ரிப், அமெரிக்காவில் வாழும் இந்தியர்களின் பயணங்களை முதலில் நம்பியிருந்தது. 2005இல் இந்தியச் சந்தையில் இறங்கி, 2010இல் நாஸ்டாக் பங்குச்சந்தையை எட்டியது. யாத்ரா, கிளியர்டிரிப், கோஐபிபோ, ஓயோ என இடைநிலைத் தளங்கள் வரிசையாக வந்தன. பயணி விடுதியின் சொந்தத் தளத்தைத் திறப்பதற்கு முன்பே பட்டியலையும் விலையையும் விமரிசனத்தையும் ஒரே திரையில் பார்த்துவிட்டார். விடுதியின் பெயரையே தேடுபொறியில் இட்டாலும், பல வேளைகளில் முதலில் தோன்றுவது இடைநிலைத் தளத்தின் கட்டண விளம்பரம். ஆய்வாளர் விடுதியின் தளத்துக்கு மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், விற்பனை அந்தத் தளத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

இந்த உறவு ஒருவழிப்பட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2009இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆண்டர்சன் 4 விடுதிகளை ஆராய்ந்தார். அவை இடைநிலைத் தளப் பட்டியலில் இடம்பெற்ற நாட்களில், பிற வழிகளில் வந்த முன்பதிவுகளும் 7.5 முதல் 26 விழுக்காடு வரை கூடின. பட்டியல் ஒரு விளம்பரப் பலகையாகவும் பயன்பட்டது. ஆனால் அவர் கையாண்ட தரவு முன்பதிவுக் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். விடுதிகளின் ஒத்துழைப்பு கிடைத்ததால்தான் அவ்வாய்வு இயன்றது.

இந்தியாவில் அந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது ஆய்வேட்டின் வழியாக அல்ல, வழக்கின் வழியாக. விடுதி, உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த புகாரின் மீது, 2022 அக்டோபர் 19 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஆணை பிறப்பித்தது. மேக்மைட்ரிப்–கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டன. அந்நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. ஆணையம் ஆராய்ந்தவற்றுள் விலைச் சமநிலை நிபந்தனையும் ஒன்று. இடைநிலைத் தளத்தில் உள்ள விலையைவிடக் குறைந்த விலையை விடுதி தன் சொந்த இணையதளத்தில் காட்டக்கூடாது என்பது அந்த நிபந்தனையின் சாரம். இவ்விடத்தில் அந்தப் பழைய அட்டவணையை நினைவுகூரலாம். முன்பதிவுப் பொத்தான் உண்டு, கட்டண விவரம் உண்டு, மதிப்பெண் முழுமை. ஆனால் அந்தக் கட்டணத்தைக் குறைக்கும் உரிமை விடுதிக்கு உண்டா என்னும் நிரல் அதில் இல்லை.

வேறு நிரல்களும் விடுபட்டன. 2019இல் இந்தியாவில் உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் ஏறத்தாழ 232 கோடி. வெளிநாட்டுப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 1 கோடியே 9 இலட்சம். இருந்தும் கடன்பெற்ற அளவுகோல்களில் 'பன்மொழி வசதி' என்பது பெரும்பாலும் அயல்நாட்டவரைக் கருதியே பொருள்கொள்ளப்பட்டது. ஒடியாவிலோ மராத்தியிலோ மட்டும் படிக்கத் தெரிந்தவர் புரிக்கோ பண்டரிபுரத்துக்கோ போக அறை தேடினால் என்ன ஆகும் என்பது சோதிக்கப்படவில்லை. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் கொண்டு அறையை முன்பதிவு செய்ய முடியுமா என்பதும் அவ்வாறே. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலும் வந்துவிட்டன. ஆய்வுகளின் கவனம் அவற்றின் வேகத்துக்கு வரவில்லை.

புதிதாக ஆய்வில் இறங்குவோர்க்கு இவ்வரலாறு சில நடைமுறைப் பணிகளைச் சுட்டுகிறது. மதிப்பிடும் பக்கத்தின் நகலை நாள் குறித்துச் சேமித்துவைப்பது முதற்பணி. பக்கம் மறைந்தபின் அட்டவணையைச் சரிபார்க்க வேறு வழியில்லை. ஐம்பது விடுதிகளின் தளங்களை எண்ணுவதைவிட, ஐந்து விடுதிகளின் ஓராண்டு முன்பதிவுப் பதிவேட்டைப் படிப்பது பயன் மிகுந்தது. எந்த வழியில் எத்தனை அறை, எவ்வளவு தரகு, யார் வைத்த விலை என்பன அதிலிருந்து தெரியவரும். ஒரே ஊருக்கான தேடலில் பட்டியல் வரிசை நாளுக்கு நாள் எவ்வாறு மாறுகிறது என்பதையும் எவரும் பதிந்துவைக்கலாம். அதற்கு அனுமதிக் கடிதம் தேவையில்லை. 1984இல் விமானச் சீட்டுத் திரையின் மீது எழுப்பப்பட்ட கேள்வியை விடுதிப் பட்டியலின் மீது எழுப்புவதற்கு அதுவே போதிய தொடக்கம்.