அப்பா

கிறிஸ்தவ ஞானோபதேச சரித்திரத்தில் ‘அப்பா’ என்னும் சொல், நம் இல்லங்களில் வழங்கும் சொல்லைப் போலவே ஒலித்தாலும், அரமேய மொழியில் பிறந்து, அங்கும் தந்தையையே குறித்து, புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மூன்று இடங்களில் மொழிபெயர்க்கப்படாமலே நிற்பது. ஒலியொற்றுமை கண்டு உறவு கற்பிக்கும் உற்சாகத்தை அதற்குரியவர்களிடமே விட்டுவிடலாம்.

4-ஆம் நூற்றாண்டில், எகிப்து தேசத்து நீத்ரியா, ஸ்கீட்டிஸ் முதலிய வனாந்தரங்களில் பனையோலை முடைந்துகொண்டே ஜபித்துவந்த முதுதுறவிகளை இச்சொல்லால் அழைத்தனர். குருப்பட்டம் இதற்கு ஆதாரமன்று. தன் உள்ளத்தில் எழும் எண்ணங்களை, வெட்கத்துக்குரியவற்றையும் ஒளிக்காமல் எடுத்துரைத்து, ஒரேயொரு வார்த்தை வேண்டிக் குடிசை வாயிலில் காத்திருந்த சீடனே அம்முதியவரை அப்பாவாக்கினான். கிடைத்தது பெரும்பாலும் ஓரிரு வாக்கியம், சிலவேளை மௌனம். சிங்க்லெடிக்கா, சாரா முதலிய தபஸ்வினிகளை ‘அம்மா’ என்றே விளித்தனர் என்பது தமிழ்ச் செவிக்குப் பின்னும் ஓர் இனிமை.

இச்சொல் லத்தீனில் ‘அப்பாஸ்’ ஆகி, மடாதிபதியைக் குறிக்கும் உத்தியோகப் பெயராக இறுகியபோது அதன் ஈரம் சற்று வற்றியது என்றே சொல்வேன். ஆயினும் 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த மடவொழுங்கு, முக்கிய காரியங்களில் அந்த அப்பாவே சகோதரர் அனைவரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டுமென விதித்து, சிறந்ததை ஆண்டவர் பலகாலும் இளையவனுக்கே வெளிப்படுத்துவதுண்டு என்று காரணமும் கூறுகிறது.