காஞ்சியில் காணாமற்போன அரண்மனையும் விகாரமும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் செய்யாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் காவாந்தண்டலம். இப்பகுதிப் பள்ளிகளில் இருந்து மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வதென்றால் பெரும்பாலும் காஞ்சிபுரம்தான். கயிலாசநாதர் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், வைகுந்தப் பெருமாள் கோயில், காமாட்சியம்மன் கோயில், வரதராசப் பெருமாள் கோயில் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். பல்லவர் தலைநகரம் என்று பாடநூல் கூறும் ஊரில் பல்லவர் அரண்மனை எங்கே இருந்தது என்று எந்த மாணவராவது கேட்டால், கைகாட்டுவதற்கு அங்கே ஒரு சுவர்கூட இல்லை. பௌத்தப் பள்ளிகளின் நிலையும் அதுவே.

ஆனால் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியைப் பார்க்க வந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை இவ்விரண்டும்தான்.

யுவான் சுவாங் கண்ட காஞ்சி

சீனத் துறவி யுவான் சுவாங் ஏறத்தாழ கி.பி. 640இல் காஞ்சிக்கு வந்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் முதலாம் நரசிம்மவர்மன். எனினும் யுவான் சுவாங்கின் குறிப்பில் மன்னரின் பெயர் இல்லை. நகரத்தைப் பற்றியே அவர் எழுதுகிறார். திராவிட நாட்டின் தலைநகரான காஞ்சிபுரம் 30 லி சுற்றளவு உடையது. அங்கே நூறளவில் சங்காராமங்கள் இருந்தன. பதினாயிரம் துறவியர் வாழ்ந்தனர். தேவர் கோயில்கள் எண்பது. நிர்கிரந்தர் எனப்படும் சமணரும் மிகுதியாக இருந்தனர். நகரின் தெற்கே பெரிய விகாரம் ஒன்றும், அசோகர் எழுப்பியது என்று சொல்லப்பட்ட நூறடி உயரத் தூபி ஒன்றும் இருந்ததாக அவர் கூறுகிறார்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயணக் குறிப்புகளில் நூறு, ஆயிரம், பதினாயிரம் என்பவை பல நேரங்களில் 'ஏராளம்' என்ற பொருளிலேயே வரும். ஆனாலும் எண்பது தேவர் கோயில்களுக்கு நூறு விகாரங்கள் என்ற ஒப்பீடு கவனிக்கத்தக்கது. பின்னாளில் 'கோயில் நகரம்' என்று பெயர் பெற்ற ஊரில் அன்று விகாரங்களே மிகுதி என ஒரு வெளிநாட்டவருக்குத் தோன்றியிருக்கிறது.

அவர் காஞ்சியின்மீது தனி அக்கறை கொள்வதற்குக் காரணமும் இருந்தது. நாளந்தாவில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி. தருமபாலர் இவ்வூர் அமைச்சர் ஒருவரின் மூத்த மகன் என்றும், அரசர் தம் மகளை அவருக்கு மணமுடிக்க விரும்பினார் என்றும் யுவான் சுவாங் கேட்டறிந்த கதை சொல்கிறது. துறவை நாடிய தருமபாலர் மண இரவில் புத்தர் திருமுன் வேண்டி நின்றார். தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிச் சென்று தொலைவில் இருந்த ஒரு மலை விகாரத்தில் சேர்த்தது என்று கதை முடிகிறது. தெய்வச் செயலை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், அரண்மனைக்கும் விகாரத்துக்கும் இடையே ஆட்கள் வந்துபோய்க் கொண்டிருந்த ஒரு நகரத்தின் சித்திரம் இதில் தெரிகிறது.

காஞ்சியில் இருந்து இலங்கைக்குக் கப்பலேற வேண்டும் என்பது யுவான் சுவாங்கின் திட்டம். அது நிறைவேறவில்லை. இலங்கையில் மன்னர் இறந்துவிட்டதாகவும், பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாகவும் கூறி, அங்கிருந்து சுமார் 300 துறவியர் காஞ்சிக்கே வந்து சேர்ந்திருந்தனர். அவர்களோடு பேசிய பின் அவர் பயணத்தைக் கைவிட்டார். முந்நூறு பேர் திடீரென வந்தாலும் தங்க இடமும் உணவும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

அரச விகாரம்

இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி நகைச்சுவை நாடகத்தை எழுதினார். கதை காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிறது. கபாலிகன் ஒருவனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமற்போகிறது. உண்மையில் அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய். பழி விழுவது நாகசேனன் என்ற பௌத்தத் துறவியின் மீது. வணிகர் ஒருவர் வீட்டில் மீனும் இறைச்சியும் கலந்த விருந்தைப் பெற்றுக்கொண்டு வரும் அவர், இத்தனை இன்பங்களை அனுமதித்த புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் விலக்கியிருப்பாரா, கிழட்டுத் துறவிகள்தாம் அந்தப் பகுதியை மறைத்திருப்பார்கள் என்று எண்ணியபடியே நடக்கிறார்.

அவர் போய்க்கொண்டிருக்கும் இடத்தின் பெயர் இராசவிகாரம், அதாவது அரச விகாரம். வரலாற்று மாணவருக்கு நாடகத்தின் நகைச்சுவையைவிட இந்தப் பெயர் முக்கியமானது. அரசர் ஒருவரின் ஆதரவில் நின்ற விகாரம் காஞ்சியில் இருந்திருக்கிறது. அரண்மனையில் இருந்த மன்னரே அதன் துறவியைக் கேலி செய்து எழுதுகிறார். கபாலிகரும் பாசுபதரும் அதே நாடகத்தில் அதே அளவுக்குக் கேலிக்கு உள்ளாகிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இலக்கியத்தில் இதற்கு இணையான செய்தி மணிமேகலையில் வருகிறது. சோழன் கிள்ளியின் இளவல் இளங்கிள்ளி காஞ்சியில் புத்தருக்குச் சேதியம் எழுப்பியிருக்கிறான். பஞ்சத்தால் வாடும் அந்நகருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள். அறவண அடிகளும் அங்கேயே இருக்கிறார். காப்பியச் செய்தியைக் கல்வெட்டுச் செய்தியாகக் கொள்ள இயலாது. ஆயினும் அரச குடும்பத்தவர் கட்டிய பௌத்தப் பள்ளி காஞ்சியில் இருந்தது என்ற நினைவு தமிழில் ஊன்றியிருந்தது என்று கொள்ளலாம்.

போதிதருமரை இங்கே சேர்க்காமல் விட்டால் சிலர் கேட்கக்கூடும். அவர் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்பது சீன மரபு. காஞ்சிப் பல்லவ இளவரசர் என்பது பிற்காலத்தில் வலுப்பெற்ற செய்தி. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதை ஊரறியச் செய்தது. காஞ்சியில் பௌத்தம் இருந்ததற்குச் சான்று தேட அவர் வரை போக வேண்டியதில்லை.

சித்திர மண்டபம்

அரண்மனையைப் பற்றிய செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் கண்ணால் காணத்தக்கது வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் உள்ள சிற்பத் தொகுதி. இரண்டாம் நந்திவர்மன் (கி.பி. 731-796) கட்டிய இக்கோயிலில் பல்லவர் வரலாறு பிரமனில் தொடங்கி வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின் காஞ்சியின் பிரதிநிதிகள் இரணியவர்மனிடம் செல்கிறார்கள். அவருடைய மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், மலையும் காடும் கடந்து வருகிறான். நகரத்தார் எதிர்கொண்டு அழைக்க அரண்மனை புகுந்து முடிசூடுகிறான். சில காட்சிகளுக்குக் கீழே விளக்கக் குறிப்பும் பொறிக்கப்பட்டுள்ளது. அரியணை, வெண்கொற்றக்குடை, கவரி வீசுவோர், காத்து நிற்கும் யானை என அரசவையின் தோற்றம் இங்கே கல்லில் நிற்கிறது. மணற்கல் ஆதலால் பல முகங்கள் உதிர்ந்துவிட்டன. சி. மீனாட்சி இச்சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. இன்று நேரில் பார்ப்பவர்களும் அந்நூலின் துணையோடு பார்த்தால்தான் காட்சிகளை அடையாளம் காண முடியும்.

பல்லவருக்குப் பின் சோழரும் காஞ்சியில் அரண்மனை வைத்திருந்தனர். சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறார். அந்தப் பொன்மாளிகை காஞ்சியில் இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. அடுத்து ஆண்ட உத்தம சோழரின் செப்பேடு இன்னும் தெளிவானது. கச்சிப்பேட்டுக் கோயிலின் உள்ளே சித்திர மண்டபத்தில் மன்னர் வீற்றிருந்தபோது ஆணை பிறந்ததாக அது கூறுகிறது. இங்கே 'கோயில்' என்பது அரண்மனை. கோவின் இல்லம் என்ற பழம்பொருளில் அச்சொல் 10ஆம் நூற்றாண்டிலும் வழங்கியிருக்கிறது. இன்று அதே சொல்லைக் கேட்டால் இறைவன் உறையும் இடம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அரண்மனைக்கு நேர்ந்தது சொல்லுக்கும் நேர்ந்தது எனலாம். சித்திர மண்டபத்தில் மன்னர் முடிவு செய்த காரியம் போர் அன்று. ஊரகம் கோயிலின் வரவுசெலவும், அதை மேற்பார்க்க நகரின் நெசவாளர் குடியிருப்புகளுக்கு அளித்த பொறுப்பும்தான்.

ஏன் எதுவும் மிஞ்சவில்லை

காஞ்சியின் விகாரங்கள் எப்படி மறைந்தன என்ற கேள்விக்குச் சமயப் பகை என்ற விடையே பொதுவாகக் கூறப்படுகிறது. பகை இருந்ததை மறுக்க இயலாது. சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரையும் பௌத்தரையும் தொடர்ந்து சாடுகிறார். காவாந்தண்டலத்துக்கு அருகில் உள்ள மாகறலும் அவர் பாடிய தலமே. ஆனால் அந்த விடை முழுமையானதா என்பதைச் சோதிக்க காஞ்சியிலேயே ஒரு வழி உண்டு. அரண்மனையோடு யாருக்கும் சமயப் பகை கிடையாது. அதுவும் விகாரத்தைப் போலவே, அதைவிடவும் முழுமையாக, மறைந்துவிட்டது.

மண்டகப்பட்டுக் குடைவரையில் உள்ள மகேந்திரவர்மனின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி இக்கோயிலை அமைத்ததாகப் பெருமை கொள்கிறது. அதுவரை எல்லாக் கட்டடங்களும் இப்பொருள்களால் ஆனவை என்பதையே இப்பெருமை காட்டுகிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் கயிலாசநாதர் கோயிலைக் கல்லால் எழுப்பினார். சைவ, வைணவக் கோயில்கள் ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாறின. மன்னர் குடியிருந்த மாளிகையும் துறவியர் தங்கிய பள்ளியும் செங்கல்லிலும் மரத்திலுமே நீடித்தன. அத்தகைய கட்டடத்துக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு தேவை. ஆதரவு நின்றால் கூரை இறங்கும்; மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நல்ல செங்கல்லைப் பக்கத்து ஊரார் வீடு கட்ட எடுத்துப் போவார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் இதைக் கண்கூடாகக் காணலாம். அங்கே 1980களிலும் அண்மை ஆண்டுகளிலும் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இராசேந்திர சோழரின் அரண்மனைச் செங்கற்சுவர்களின் அடிப்பகுதிகளும், கூரை ஓடுகளும் கிடைத்தன. கடல் கடந்து படை நடத்திய மன்னரின் மாளிகையே அந்த அளவில்தான் எஞ்சியது. அருகில் உள்ள அவருடைய கற்கோயில் இன்றும் ஓங்கி நிற்கிறது.

காஞ்சியில் பல்லவமேடு என்று ஒரு மேடு உண்டு. அரண்மனை இருந்த இடம் என்று ஊரார் சொல்லிவந்த அம்மேட்டில் 1970-71இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தது. அரண்மனை என்று உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடம் வெளிப்படவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் காமாட்சியம்மன் கோயிலை ஒட்டிய பகுதியில் செய்த அகழாய்வில், பௌத்தச் சார்புடையதாகக் கருதப்பட்ட செங்கல் கட்டட அடித்தளமும், பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தன. மக்கள் நெருங்கி வாழும் நகரத்தின் நடுவே இதற்கு மேல் தோண்டிப் பார்ப்பது எளிதன்று.

எஞ்சிய புத்தர்கள்

கட்டடம் போனாலும் சிலைகள் கல்லால் ஆனவை, அவை தங்கிவிட்டன. 1915இல் து. அ. கோபிநாதராவ் காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் ஐந்து புத்தர் சிலைகளைக் கண்டறிந்து கட்டுரை எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூல் காஞ்சியின் பௌத்தச் சின்னங்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தது. கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலில் அமர்ந்த நிலைப் புத்தர்கள் உள்ளனர். ஏகாம்பரநாதர் கோயில் வெளி மதிற்சுவரின் கற்களிடையே புத்தர் உருவங்கள் காணப்படுகின்றன. வேறெங்கோ நின்ற கட்டடத்தின் கற்கள் மதிலுக்கு வந்திருக்கின்றன. செதுக்கிய முகத்தை வெளிப்புறமாக வைத்துக் கட்டிய கொத்தனார் அதை மதித்து வைத்தாரா, கவனிக்காமல் வைத்தாரா என்பதைச் சுவர் சொல்லாது. கயிலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள புத்தேரித் தெருவின் பெயரைப் 'புத்தர் ஏரி' என்று விளக்குவோர் உண்டு. 'புது ஏரி' என்றும் பிரிக்கலாம் ஆகையால் அதைச் சான்றாக வைத்து வாதிடாமல் இருப்பது நல்லது.

காவாந்தண்டலத்து மாணவர்கள் இதற்காகக் காஞ்சி வரை போக வேண்டியதும் இல்லை. வழியில் உள்ள ஆர்ப்பாக்கத்தில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் புத்தர் சிலைகள் உள்ளன. அவ்வூரில் சமணக் கோயிலும் உண்டு. அதே ஆர்ப்பாக்கத்துச் சிவன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டிய நாட்டு வாரிசுப் போரில் தலையிட்ட இலங்கைப் படை இராமேசுவரம் கோயிலுக்குக் கேடு செய்ததாகக் கேள்வியுற்ற எதிரிலிசோழச் சம்புவராயர், அப்படை தோற்க வேண்டும் என்று உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரை வேண்டிக்கொண்டார். ஆசாரியர் 28 நாள் வழிபாடு நடத்தினார். சோழர் தரப்பு வென்றது. அதற்கு ஈடாக ஆர்ப்பாக்கம் ஊரே அவருக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. யுவான் சுவாங் காலத்தில் இலங்கைத் துறவியர் அடைக்கலம் தேடி வந்த காஞ்சிக்கு மிக அருகில், ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, இலங்கைப் படையின் அழிவுக்கு நோன்பு நோற்ற செய்தி கல்லில் ஏறியிருக்கிறது. கோயிலுக்குள் இருக்கும் இச்சிலைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. தொண்டைமண்டலத்துச் சிற்றூர்களில் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் கிடைக்கும் சிலைகளுக்கு அது இல்லை. எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் ஒரு சிலை இடம் மாறினால், அங்கே ஒரு பள்ளி இருந்திருக்கலாம் என்ற தடயமும் அதோடு போய்விடும்.

காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் இருந்த, ஏழடிக்கு மேல் உயரமுள்ள நின்ற நிலைப் புத்தர் இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். சித்திர மண்டபத்தைக் குறிப்பிடும் உத்தம சோழரின் செப்பேடும் அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் உள்ளது.