அமெரிக்காவில் மருந்துத் தைலக் கலப்படத் தடுப்பின் ஆரம்ப காலம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1848 ஜூன் 26-ஆம் தேதி சட்டமான மருந்து இறக்குமதி மசோதா, மெக்ஸிகோ யுத்தத்தில் சிப்பாய்களுக்குச் சாரமற்ற மருந்துகள் போய்ச் சேர்ந்தன என்று எழுந்த கூக்குரலின் பலனாகப் பிறந்தது என்பது பிரசித்தம். ஆனால் அதன் முதற் பிரிவிலேயே மருந்துக்குரிய மணத் தைலங்கள் தனியே பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டிருப்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாத விஷயம். வேரும் பட்டையும் பழகிய கண்ணுக்குத் தம் குணத்தை ஓரளவு காட்டிவிடும். தைலமோ, மலிவான எண்ணெயைத் தன்னுள் வாங்கிக்கொண்ட பின்னும் நிறம் மாறாது நின்று, வைத்தியனையும் நோயாளியையும் ஒருங்கே ஏமாற்ற வல்லது. நியூயார்க், பாஸ்டன் முதலான ஆறு துறைமுகங்களில் பரீட்சகர்கள் நியமிக்கப்பட்டனர். அமெரிக்க, எடின்பரோ, லண்டன், பிரெஞ்சு, ஜெர்மன் மருந்து நூல்களே அவர்களுக்குப் பிரமாணம். தள்ளுபடியான சரக்கை ஆறு மாதத்துக்குள் திரும்ப ஏற்றுமதி செய்யாவிடில் அது அழிக்கப்படும் என்பது அன்றைய விதி.

பரீட்சகர் பதவி கட்சிச் சலுகையாக மாறவே, சட்டம் வலுவிழந்தது. மேலும், அது துறைமுகத்தோடு நின்ற சட்டம். சுத்தமாக வந்திறங்கிய தைலத்தில் உள்நாட்டுக் கிடங்கொன்றில் கலப்படம் நேர்ந்தால் மத்திய சர்க்கார் தலையிட இடமிருக்கவில்லை.

அந்தக் குறையை நிவர்த்தி செய்தது, இரசாயன இலாகாவின் தலைவர் ஹார்வி வைலியின் நெடுங்காலப் பிரயாசையால் 1906-இல் வந்த உணவு மருந்துச் சட்டம். மருந்து நூலில் கண்ட பெயரோடு விற்கப்படும் பொருள் அந்நூல் விதித்த தரத்துக்குக் குறைந்தால் அது கலப்படம் எனப்பட்டது. வைத்தியர்களும் மருந்து வினைஞர்களும் தாமாகவே தொகுத்த நூலொன்று நீதிமன்றத்தில் அளவுகோலாக ஏறிய இந்த மாற்றத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். உதாரணமாக, அந்நூல் காட்டிய சோதனைப்படி, கந்தகம் கரைத்த கார்பன் டைசல்பைடையும் அமைல் ஆல்கஹாலையும் சேர்த்துச் சூடேற்றினால் ஒலிவ எண்ணெயில் ஒளிந்திருக்கும் பருத்திக்கொட்டை எண்ணெய் செந்நிறம் காட்டிவிடும். சந்தனத் தைலத்தில் நூற்றுக்குத் 90 பங்கு சான்டலால் இருந்தாக வேண்டும் என்ற விதி, மைசூர்ச் சந்தனத்தின் பெயரால் தேவதாருத் தைலம் விற்போரை மடக்க உதவக்கூடியதாக இருந்தது. எனினும், தன் தரம் இன்னதென்று சீட்டில் தெளிவாக அச்சிட்டவன் தப்பிக்கவும் அதே சட்டம் வழிவிட்டது.

மருந்து நூலில் இடம்பெறாத, சொந்தப் பெயர் சூட்டிய தைலங்களின் கதை வேறு. பொய்யான குணப் பிரதாபங்களைச் சட்டம் தடுக்கவில்லை என்று 1911-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபின், மறு ஆண்டு ஷெர்லி திருத்தம் வந்தது. அதுவும் வஞ்சக எண்ணத்தை நிரூபிக்கும் பெரும் சுமையைச் சர்க்காரின் தலைமீதே வைத்தது. அந்தத் திருத்தத்தின் பின்னர்தான், 1893 சிகாகோ பொருட்காட்சியில் ஜனங்கள் முன்னே பாம்புகளை அறுத்துக் காட்டிப் புகழ்பெற்ற கிளார்க் ஸ்டான்லியின் ‘பாம்புத் தைலம்’ வழக்குக்கு வந்தது. இலாகாவின் இரசாயனிகள் அதில் கண்டவை: லேசான கனிம எண்ணெய், சுமார் ஒரு சதவிகிதம் மாட்டுக் கொழுப்பு என்று கருதத்தக்க கொழுப்பெண்ணெய், மிளகாய்ச் சத்து, ஒருவேளை சிறிது கற்பூரமும் டர்பன்டைனும். முதற் குற்றத்துக்கு 200 டாலர் வரை விதிக்க இடமிருந்தும் அவர் செலுத்திய அபராதம் 20 டாலரே. நோயாளிகளின் நம்பிக்கையை விற்றுப் பிழைத்த ஒரு வியாபாரத்துக்கு இது மிகச் சொற்பமான தண்டனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், தீர்ப்பானபின் பரிசோதனை முடிவைப் பிரசுரிக்க வேண்டும் என்று சட்டம் வகுத்திருந்தமையால், புட்டியினுள் இருந்தது இன்னதென்று சர்க்காரின் அச்சிலேயே எவரும் படித்தறிய முடிந்தது. அபராதத்தைவிட அதுவே கடுமையான தண்டனை என்பது என் அபிப்பிராயம்.